மூச்சுக்கு யார் பொறுப்பு?

மரக்காணம் கடற்கரையில் எக்கியார்குப்பம் போன்ற ஊர்களில் வலை பிரிக்கிறவர்களுக்குக் கடல்பாம்பு புதிதில்லை. மீனோடு மீனாக அதுவும் ஏறி வரும். தட்டையான வாலைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். வாலைப் பிடித்துத் தூக்கிக் கடலில் வீசிவிட்டு அடுத்த மீனைக் கழற்றப் போய்விடுவார்கள். நம் கரையோரத்தில் அப்படிச் சிக்குகிற இனங்களில் ஒன்று வலைக்கடியன். கெளுத்தியைத் தின்று பிழைக்கிற பாம்பு. உலகில் கடல்பாம்புக் கடியால் நேர்ந்த சாவுகளில் பெரும்பங்கு இதன் கணக்கில்தான் இருக்கிறது.

நிலத்தில் வாழும் விரியன் எலியைக் கடித்து விட்டுவிட்டு, மோப்பம் பிடித்து நிதானமாகப் பின்னால் போகலாம். கடலில் அது நடக்காது. கடிபட்ட மீன் பத்தடி நகர்ந்தாலும் நீரோட்டத்தில் தொலைந்தது. ஆகவே, இரையை நின்ற இடத்திலேயே அசையவிடாமல் செய்யும் ஒரு புரதம் இந்தப் பாம்பின் விஷத்தில் இருக்கிறது. 60 அமினோ அமிலங்களை ஒட்டிய சின்னப் புரதம். நரம்பின் நுனி தசையைச் சந்திக்கும் இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்கிறது.

அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் புதுச்சேரி. அங்கே ஜிப்மரில், அல்லது எந்த ஊர் அரசு மருத்துவமனையின் அறுவை அரங்கிலும், காலையில் முதல் கேஸ் தொடங்கும்போது மயக்க மருத்துவர் ஒரு சிறு ஊசியில் ‘ரிலாக்ஸன்ட்’ ஏற்றி வைத்திருப்பார். வெக்குரோனியம், ரோக்குரோனியம், அட்ராக்குரியம் என்று பெயர்கள் மாறும். அவை போய் உட்காருவதும் பாம்பின் புரதம் உட்காருகிற அதே இடத்தில்தான். ஒன்று விஷம், ஒன்று மருந்து என்ற பேதம் அந்த இடத்துக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நோயாளியின் மூச்சை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதே இரண்டையும் பிரிக்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் சொல்ல வருவது அதைத்தான்.

நரம்பு முடிகிற இடம்

நரம்பும் தசையும் ஒட்டியிருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நடுவே 50 நானோமீட்டர் அளவுக்கு இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. நரம்பில் ஓடி வரும் மின்துடிப்பு அந்த இடைவெளியைத் தாண்டாது. நுனி வரை வந்து நின்றுவிடும். அங்கே அது செய்யும் வேலை, அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியே கொட்ட வைப்பது. ஒவ்வொன்றிலும் பல ஆயிரம் மூலக்கூறுகள் அடைத்த நுண்பைகள் அங்கே தயாராக நிற்கின்றன. ஒரு துடிப்பு வந்ததும் பல பைகள் ஒரே நேரத்தில் உடைகின்றன.

இடைவெளியின் அக்கரையில், தசையின் மேல்பரப்பில், அசிட்டைல்கோலினுக்கான ஏற்பிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குள் ஏறத்தாழ 10,000. ஒவ்வொரு ஏற்பியும் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நிற்கும் அமைப்பு. நடுவே ஒரு துளை. சும்மா இருக்கும்போது துளை மூடியிருக்கும். அசிட்டைல்கோலின் உட்காருவதற்கு ஓர் ஏற்பியில் இரண்டு இடங்கள் உண்டு. இரண்டும் நிறைந்தால்தான் துளை திறக்கும். ஒன்று காலியாக இருந்தாலும் நடைமுறையில் திறக்காது.

திறந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது. மரக்காணத்துப் பாத்திகளில் வெயிலில் விளைகிற உப்பில் இருக்கும் அதே சோடியம்தான். நம் உடல் திரவத்தில் அது கரைந்து கிடக்கிறது; தசைச் செல்லுக்கு வெளியே நிறைய, உள்ளே கொஞ்சம். துளை திறந்திருப்பது ஒரு மில்லிவினாடி அளவுதான். அதற்குள் ஆயிரக்கணக்கான அயனிகள் உள்ளே போய்விடுகின்றன. தசையின் மின்னழுத்தம் மாறுகிறது, தசை சுருங்குகிறது. கை உயர்கிறது, இமை மூடுகிறது, உதரவிதானம் இறங்கி நெஞ்சு காற்றை இழுக்கிறது.

கொட்டிய அசிட்டைல்கோலின் அங்கேயே கிடந்தால் தசை விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க, இடைவெளியிலேயே ஒரு நொதி காவலிருக்கிறது: அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ். ஏற்பியை விட்டு எழுந்த மூலக்கூறை அது உடனே இரண்டாக வெட்டிவிடும். இந்த நொதியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விஷமுறிவிலும் விஷத்திலும் இது திரும்பத் திரும்ப வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இயற்கை இந்த இடத்தில் தாராளமாகச் செலவு செய்திருக்கிறது. தேவைக்கு மேல் பல மடங்கு ஏற்பிகள். பேட்டன், வாட் என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் அளந்து காட்டியது இது: நான்கில் மூன்று பங்கு ஏற்பிகளை அடைத்தாலும் தசையின் ஒற்றைத் துடிப்பில் குறை தெரிவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டும்போதுதான் அது முழுதாக அடங்குகிறது. கடிபட்டவர் முதல் அரைமணி நேரம் ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று நடமாடுவதற்கும், பிறகு சட்டென்று சரிவதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம்.

துண்டு போட்ட இருக்கை

நிலையத்தில் பேருந்து வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம் அல்லவா, தசைத்தளர்த்தி மருந்துகளில் பெரும்பாலானவை செய்வது அதைத்தான். துண்டு பயணம் போகாது. பயணியையும் உட்கார விடாது. வெக்குரோனியம் ஏற்பியில் அமர்கிறது. துளையைத் திறக்க அதனால் முடியாது. அது இருக்கும் வரை அசிட்டைல்கோலினுக்கு இடமில்லை. இரண்டு இருக்கைகளில் ஒன்றில் துண்டு விழுந்தாலே போதும், அந்த ஏற்பி வேலைக்கு ஆகாது.

ஆனால் துண்டு நிரந்தரமாகக் கிடப்பதில்லை. மருந்து மூலக்கூறு விழும், எழும், மறுபடி விழும். எழுந்த கணத்தில் யார் பக்கத்தில் அதிகம் நிற்கிறார்களோ அவர்களுக்கு இடம். மருந்து அதிகமென்றால் மருந்து. அசிட்டைல்கோலின் அதிகமென்றால் அசிட்டைல்கோலின். இந்தப் போட்டியைத் திருப்ப ஒரு வழி உண்டு. காவல் நொதியைக் கொஞ்ச நேரம் கட்டிப்போட்டால் அசிட்டைல்கோலின் அழியாமல் குவியும். கூட்டம் சேர்ந்து இடத்தைப் பிடித்துவிடும். நியோஸ்டிக்மின் செய்வது அந்த வேலை. அறுவை முடிந்ததும் அரங்கில் ‘ரிவர்சல் கொடுத்தாச்சா?’ என்று கேட்பது இதைத்தான்.

இந்தக் குடும்பத்தின் மூத்தது கியூராரே. தென் அமெரிக்கக் காடுகளில் அம்பு நுனியில் தடவிய தாவர நஞ்சு. அது எங்கே வேலை செய்கிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் தவளையை வைத்துக் காட்டினார். கியூராரே ஏறிய தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே நேராகத் தூண்டினால் சுருங்கியது. நரம்பு வழியே செய்தி போவதும் நிற்கவில்லை. நரம்பும் சரி, தசையும் சரி, அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் நடுவே. ஏற்பி என்ற சொல்லே பிறக்காத காலத்தில் வந்த முடிவு இது.

அதற்கும் முன்னால், 1814-இல், சார்லஸ் வாட்டர்டன் லண்டனில் ஒரு பெண் கழுதைக்குக் கியூராரே செலுத்திய சோதனையில் பங்கெடுத்தார். பத்து நிமிடத்தில் கழுதை செத்ததுபோல் விழுந்தது. மூச்சுக்குழாயில் துளையிட்டு, துருத்தியால் காற்றை ஊதினார்கள். இரண்டு மணி நேரத்தில் கழுதை தலையைத் தூக்கியது. ஊதுவதை நிறுத்தியதும் மறுபடி சரிந்தது. மறுபடி ஊதினார்கள். கடைசியில் எழுந்து நின்ற அந்தக் கழுதை வாட்டர்டனின் பண்ணையில் 1839 வரை உயிரோடு இருந்தது. முறிமருந்து எதுவும் கொடுக்கவில்லை. நஞ்சு தானாக விலகும் வரை மூச்சைத் தாங்கிப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பாடம் மருத்துவத்துக்கு முழுதாக உறைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1942 ஜனவரி 23-ஆம் தேதி மான்ட்ரியலில் ஹரால்டு கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும், குடல்வால் அறுவைக்கு வந்த ஓர் இளைஞருக்கு மயக்கத்தோடு சேர்த்துக் கியூராரேயையும் கொடுத்தார்கள். வயிற்றுத் தசை தளர்ந்தது, அறுவை எளிதானது. அதுவரை முழு மயக்கத்தில் வயிற்றைத் தளர்த்தப் பெரும்பாலும் இருந்த வழி ஈதரையோ குளோரோஃபார்மையோ ஆபத்தான ஆழம் வரை கொடுப்பதுதான். இனி மெல்லிய மயக்கமே போதும் என்றானது.

மருந்து வேகமாகப் பரவியது. அதை ஒட்டிப் பரவ வேண்டிய பழக்கம் அவ்வளவு வேகமாகப் பரவவில்லை. பீச்சர், டாட் இருவரும் அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் 1948 முதல் 1952 வரை நடந்த 5,99,548 மயக்கங்களை ஆராய்ந்து 1954-இல் வெளியிட்ட கணக்கு மருத்துவ உலகை உலுக்கியது. தசைத்தளர்த்தி இல்லாத மயக்கங்களில் 2,100-க்கு ஒரு சாவு. தசைத்தளர்த்தி கொடுத்தவற்றில் 370-க்கு ஒன்று. மருந்திலேயே நச்சுத்தன்மை இருக்கிறது என்றார்கள் அவர்கள். பின்னால் வந்தவர்கள் வேறு விதமாகப் படித்தார்கள்: பாதி தளர்ந்த நோயாளியைத் தானே மூச்சுவிட விட்டதும், தளர்ச்சியை முறிக்காமல் வார்டுக்கு அனுப்பியதும்தான் கொன்றன. அதன் பிறகு, தசைத்தளர்த்தி போட்டால் குழாய் போட்டு மூச்சைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டமானது.

அசைய முடியாதவர் தூங்குகிறாரா?

மருந்து தசையை அடைக்கும், மூளையை அடைக்குமா? இதில் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. கியூராரே கொஞ்சம் மயக்கத்தையும் தரும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அதைத் தீர்க்க ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். வேறு எந்த மயக்க மருந்தும் இல்லாமல், மூச்சை நிறுத்தத் தேவையானதைப்போல் இரண்டரை மடங்கு டியூபோகியூராரினை, அதாவது கியூராரேயின் செயல்படும் பொருளை, ஏற்றச் செய்தார். சக மருத்துவர்கள் அவருக்குச் செயற்கையாக மூச்சுக் கொடுத்தார்கள். பேச்சுப் போனது, கை போனது, கடைசியாகக் கேள்விகளுக்குப் பதிலாக அசைத்துக்கொண்டிருந்த புருவமும் போனது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அவர் இல்லை. மருந்து இறங்கியதும் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்ட கேள்விகள், வலி, தொண்டையில் தேங்கிய எச்சிலை விழுங்க முடியாமல் மூச்சு முட்டிய உணர்வு, எதுவும் விடுபடவில்லை. 1947-இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகு யாருக்கும் ஐயமில்லை: இந்த மருந்துகள் வலியை எடுக்காது, நினைவை எடுக்காது, அசைவை மட்டும் எடுக்கும்.

இதை நம் ஊர்ப் பாம்புக்கடி வார்டில் தினம் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. இரவில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் கடித்த தடமே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார். இமை தொங்கும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு. முழுதாகச் செயலிழந்தவரின் கண்மணி வெளிச்சத்துக்கும் சுருங்காமல் விரிந்து நிற்கக்கூடும். மூளை போய்விட்டது என்று முடிவுகட்டத் தூண்டும் தோற்றம். ஆனால் அவர் படுக்கையைச் சுற்றிப் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். பிழைத்து வந்த பலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

எழுந்திருக்காத பயணி

துண்டு போடுவது ஒரு முறை. இன்னொரு முறை, பயணியாகவே ஏறி உட்கார்ந்து எழுந்திருக்க மறுப்பது. சக்சினைல்கோலின் அந்த ரகம். நம் அறுவை அரங்குகளில் பழைய வணிகப் பெயரான ‘ஸ்கோலின்’ என்றே சொல்வார்கள். இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வாலோடு வால் ஒட்டியதுதான் அதன் அமைப்பு. அது உட்கார்ந்ததும் துளை திறக்கிறது, தசை ஒருமுறை துடிக்கிறது. ஆனால் காவல் நொதி அதை வெட்டாது. விலகாமல் இருப்பதால் தசை மறுதுடிப்புக்குத் தயாராக முடியாமல் தளர்ந்து கிடக்கிறது.

பக்கத்தில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஊசி ஏறிய அரை நிமிடத்தில் இமைகளில் ஒரு நடுக்கம். அது முகம், கழுத்து, மார்பு என்று தோலுக்கடியில் சிற்றலையாக இறங்கி விரல்களில் முடியும். பிறகு அசைவே இல்லை. மருத்துவர் தாடையைத் திறந்து குழாயை இறக்குவது அப்போதுதான். ஒரு நிமிடத்தில் தளர்ச்சி, ஐந்து பத்து நிமிடத்தில் தெளிவு. வயிறு நிறைய உணவோடு அவசர அறுவைக்கு வருபவரிடம் இந்த வேகம் உயிர் காக்கும்.

இந்த மருந்தின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1906-இலேயே ரீட் ஹன்ட்டும் டாவோவும் இதைப் பரிசோதித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது இரத்த அழுத்தத்தில் இதன் விளைவு. விலங்குகள் அசையாதிருக்க முன்கூட்டியே கியூராரே கொடுத்துவிட்டார்கள். ஏற்கனவே தளர்ந்த தசையை இது தளர்த்துவது எப்படித் தெரியும்? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1949-இல் டேனியல் போவெ அந்தக் குணத்தைக் கண்டு வெளியிட்டார். 1957-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது தசைத்தளர்த்திகளில் அவர் செய்த வேலையும் சேர்த்தே பாராட்டப்பட்டது.

ஸ்கோலினை வெட்டுவது இரத்தத்தில் ஓடும் வேறொரு நொதி: பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸ். செலுத்திய மருந்தில் பெரும்பகுதி தசையை அடையும் முன்பே இரத்தத்தில் அழிந்துவிடுகிறது. அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவருக்கு என்ன ஆகும்? ஐந்து நிமிடம் நிற்க வேண்டிய தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும். உலகெங்கும் இது மிக அரிது. தென்னிந்தியாவில் வைசிய சமூகத்தினரிடம் அரிதில்லை. நூற்றுக்குச் சிலரிடம் காணப்படுகிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதியும் மனோகரனும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006-இல் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். நொதியின் 307-ஆவது இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் வந்துவிட்ட ஒற்றை மாற்றம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இது வந்து சேர்ந்தவருக்கு நொதி இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சமூகத்துக்குள்ளேயே மணம் முடித்ததில், எப்போதோ ஒரு முன்னோரிடம் தோன்றிய மாற்றம் தங்கிப் பெருகியிருக்கிறது.

இவர்கள் நோயாளிகள் இல்லை. ஸ்கோலின் ஏறாத வரை வாழ்நாள் முழுக்க ஒரு குறையும் தெரியாது. ஏறிவிட்டால் சிகிச்சை? வென்டிலேட்டரை எடுக்காமல், தூக்க மருந்தை நிறுத்தாமல், மருந்து மெல்ல வெளியேறும் வரை காத்திருப்பது. கழுதைக்குத் துருத்தி ஊதியதேதான். தென்னிந்திய மயக்க மருத்துவர் அறுவைக்கு முன் ‘உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷனுக்கு அப்புறம் கண் முழிக்க ரொம்ப நேரம் ஆச்சா?’ என்று கேட்பது சம்பிரதாயக் கேள்வி இல்லை.

ஏற்பியைப் பிடித்துக் கொடுத்தவை

ஏற்பியை ஒரு கருதுகோளிலிருந்து கையில் பிடிக்கிற பொருளாக மாற்றியது பாம்பும் திருக்கையும். 1963-இல் தைவானின் சாங், லீ இருவரும் அங்குள்ள ஒரு கட்டுவிரியன் இனத்தின் விஷத்திலிருந்து ஆல்ஃபா-பங்காரோடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். ஏற்பியில் உட்கார்ந்தால் ஏறக்குறைய எழுந்திருக்கவே செய்யாத நஞ்சு. அதனால் அது ஆய்வாளர்களுக்குத் தூண்டிலானது. எதில் ஒட்டுகிறதோ அதுதான் ஏற்பி.

தூண்டிலைப் போட ஏற்பி நிறைந்த இடம் வேண்டுமே. அதற்கு மின்திருக்கைகள் உதவின. இவற்றின் மின் உறுப்பு, சுருங்கும் வேலையை மறந்துவிட்ட தசை. அடுக்கடுக்கான செல்களில் ஒரு பக்கம் முழுக்க ஏற்பிகள். எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தால் அதிர்ச்சி. வங்கக் கடலிலும் இந்த வகை உண்டு. ஐரோப்பியர் ஓர் இனத்தை 1801-இல் அறிவியலுக்கு விவரித்தது தரங்கம்பாடிக் கரையிலிருந்து போன மாதிரியைக் கொண்டுதான். ஆய்வகங்கள் பயன்படுத்தியது டார்பிடோ என்ற உறவினத்தை. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் மின் உறுப்பிலிருந்து ஏற்பியைப் பிரித்தார்கள். 2005-இல் நைஜல் அன்வின் அதன் வடிவத்தை 4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டார். துண்டு எங்கே விழுகிறது என்பதை அதன் பிறகு படமாகவே பார்க்க முடிந்தது.

ஒரே தோற்றம், வேறு வேறு இடம்

இமை தொங்கி மூச்சு தளர்ந்து வருகிறவர்கள் எல்லோரும் பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே அடைபட்ட இடம் வேறு வேறு.

நல்ல பாம்பின் நஞ்சு ஏற்பியின் மேல் உட்காருகிறது. ஆகவே நியோஸ்டிக்மின் ஓரளவு உதவும். இந்திய மருத்துவர்கள் முதலில் அட்ரோப்பினும் பிறகு நியோஸ்டிக்மினும் கொடுத்துப் பார்க்கிறார்கள். அட்ரோப்பின் எதற்கென்றால், குவிகிற அசிட்டைல்கோலின் இதயத்தை மந்தமாக்கி எச்சிலையும் சளியையும் பெருக்கிவிடாமல் இருக்க. தொங்கிய இமை அரைமணியில் உயர்ந்தால் தொடர்கிறார்கள். கட்டுவிரியனில் இது பெரும்பாலும் பலிக்காது. அதன் முக்கிய நஞ்சு நரம்பு நுனியையே சிதைக்கிறது. கொட்டுவதற்கு அசிட்டைல்கோலினே இல்லாதபோது காவல் நொதியைக் கட்டிப்போட்டு என்ன பயன்? நுனி புதிதாக வளர நாட்கணக்கில் ஆகும். அதுவரை வென்டிலேட்டர்.

மரக்காணத்திலிருந்து வடக்கே மாமல்லபுரம் தாண்டினால் வடநெம்மேலி. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே விஷம் எடுக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷம் குதிரைகளுக்கு ஏற்றப்பட்டு நம் முறிமருந்து உருவாகிறது. கடல்பாம்பு அந்த நான்கில் இல்லை. கடல்பாம்பு கடித்தவருக்கு இந்த மருந்தை நம்பிப் பயனில்லை. நல்லவேளையாக, கடல்பாம்புக் கடிகளில் பலவற்றில் விஷம் ஏறுவதில்லை. ஏறினால் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. பினாங்கில் மீனவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த மருத்துவர் ரீட் கண்டது: மனிதரில் முன்னுக்கு நிற்பது ஏற்பி அடைப்பு இல்லை, தசை நார்களே அழிவது. உடம்பெல்லாம் வலி, விறைப்பு, கறுத்த சிறுநீர். அழிந்த தசையின் நிறமி சிறுநீரகத்தை அடைக்கிறது, பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தடுக்கிறது. மீனுக்கென்று வந்த நஞ்சு மனிதரில் வேறு கதவைத் தட்டுகிறது.

வயலில் இருந்து வருவது இன்னொரு வகை. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் காவல் நொதியை நிரந்தரமாகக் கட்டிவிடுகின்றன. அளவான நியோஸ்டிக்மின் மருந்தென்றால், அளவில்லாத நியோஸ்டிக்மின்தான் இந்த விஷம். இதில் ஒரு கண்ணியை உலகுக்குச் சொன்னது இலங்கை. 1987-இல் சேனநாயக்கவும் கரலியத்தவும் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். விஷம் குடித்து, முதல் கட்டத்தைத் தாண்டி, ‘தேறிவிட்டார்’ என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில், ஒன்று முதல் நான்கு நாளுக்குள் மறுபடி சரிவு. கேட்டால் முதலில் சொல்வது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்பது. கழுத்து, தோள், பிறகு மூச்சு. இடைநிலைத் தாக்கம் என்று அவர்கள் பெயரிட்ட அதற்குத் தனி மருந்து இல்லை. வார்டில் நர்ஸ் தினம் ‘தலையைத் தூக்குங்க’ என்று சொல்லிப் பார்ப்பதே முதல் காவல்.

மூச்சை எடுத்துக்கொள்வதன் பொறுப்பு

2023 மே மாதம் எக்கியார்குப்பத்தின் பெயர் நாடெங்கும் கேட்டது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து, மரக்காணம் பகுதியில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனாலுக்கு நாம் பேசும் ஏற்பியோடு நேரடித் தொடர்பில்லை. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது, பார்வை நரம்பைக் கருக்குகிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. இருந்தும், மெத்தனால் நோயாளி தசைத்தளர்த்தியைப் பற்றி ஒரு முக்கியமான பாடம் சொல்லித் தருகிறார்.

இரத்தம் அமிலமானதும் உடல் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி அமிலத்தைக் குறைக்கப் பார்க்கிறது. இரைக்க இரைக்க மூச்சுவிடும் அவர் நினைவிழந்துகொண்டிருந்தால் குழாய் போட்டே ஆக வேண்டும். குழாய் போட ரிலாக்ஸன்ட் வேண்டும். அது ஏறிய நொடியில், அவரை இதுவரை தாங்கிய அந்தப் பெருமூச்சு நின்றுவிடும். குழாய் இறங்கத் தாமதமானாலோ, வென்டிலேட்டரை வழக்கம்போல் நிமிடத்துக்கு 12, 14 மூச்சு என்று வைத்துவிட்டாலோ, கார்பன் டை ஆக்சைடு குவிந்து அமிலம் கூடி இதயம் நின்றுவிடக்கூடும். ஆகவே தெரிந்தவர்கள் குழாய் போட்டதும் எந்திரத்தை அவர் விட்டுக்கொண்டிருந்த வேகத்துக்கே ஏற்றி வைப்பார்கள். டயாலிசிஸ் அமிலத்தைக் கழுவி எடுக்கும் வரை அந்த மூச்சு குறையக் கூடாது. மூச்சைப் பறித்தவர், அந்த மூச்சு செய்துகொண்டிருந்த வேலை முழுவதையும் ஏற்க வேண்டும் என்பதே பாடம்.

திருப்பிக் கொடுப்பதிலும் அதே கண்டிப்பு வேண்டும். கையை அசைக்கிறார், கண்ணைத் திறக்கிறார் என்று குழாயை எடுத்துவிடக் கூடாது. உதரவிதானம் எல்லாவற்றிலும் உரமானது, சீக்கிரம் தெளிந்துவிடும். தொண்டைத் தசைகள் பின்தங்கும். மூச்சு வரும், எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும். இதற்கு ஹசன் அலியும் லிவர்பூல் மருத்துவர்களும் 1970-இல் ஓர் எளிய சோதனை தந்தார்கள். மணிக்கட்டில் நரம்பின் மேல் அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு மின்துடிப்புகள். கட்டைவிரல் நான்கு முறை அசையும். மருந்து மிச்சமிருந்தால் நான்காவது அசைவு முதலாவதைவிட மெலியும். நான்காவது முதலாவதில் பத்தில் ஒன்பது பங்காவது இருந்தால்தான் நோயாளி பத்திரம். கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ இந்த வித்தியாசத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. அளக்கும் கருவி வேண்டும்.

முறிக்கும் வழியிலும் புதுமை வந்திருக்கிறது. நியோஸ்டிக்மின் கூட்டத்தைக் கூட்டும், துண்டை எடுக்காது. 2008-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற சுகமாடெக்ஸ் துண்டையே சுருட்டி எடுத்துப்போகிறது. எட்டுச் சர்க்கரை மூலக்கூறுகள் வளையமாகக் கோத்த அமைப்பு அது. ரோக்குரோனியத்தை நடுவில் விழுங்கிக்கொண்டு சிறுநீரில் வெளியேறுகிறது. அட்ராக்குரியத்தை அதனால் பிடிக்க முடியாது. அட்ராக்குரியம் விலகுவது வேறு வழியில். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் ஸ்டென்லேக் குழு அதை உடல் வெப்பத்திலும் இரத்தத்தின் காரத்திலும் தானாகவே உடையும்படி வடிவமைத்தது. சிறுநீரகமும் கல்லீரலும் பழுதான நோயாளிக்கு அது அதனால்தான் ஏற்றது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கரையோரத்தில் இருப்பவருக்கு ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. ஏற்பியை அடைக்கும் நஞ்சு தசையையும் மூளையையும் கொல்வதில்லை. கொல்வது மூச்சு நின்ற அந்த இடைவேளை. பாம்பு கடித்தவருக்கு இமை தொங்கத் தொடங்கினால் கயிறு கட்டவும் மந்திரிக்கவும் நேரம் செலவிடக் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைத்து, வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். வழியில் மூச்சு நின்றால் வாய்வழியாகவோ ஆம்பு பையாலோ ஊதிக்கொண்டே போக வேண்டும்; உடம்பு துவண்டுவிட்டது, கண் அசையவில்லை என்பதற்காக நிறுத்தக் கூடாது. நாடித்துடிப்பு இருக்கும் வரை அவர் பிழைக்கக்கூடியவர், பேசுவதைக் கேட்டுக்கொண்டும் இருக்கலாம்.

இதுவரை பார்த்த நஞ்சுகள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. உடலே தன் ஏற்பிகளைத் தேடிப் பிடித்து அழிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? கிரீன்விச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் 1934-இல் ஒரு நோயாளியைப் பார்த்து, இது கியூராரே ஏறியவர்போல் இருக்கிறதே என்று யோசித்தார். அந்த யோசனையிலிருந்து தொடங்கி மயஸ்தீனியா கிராவிஸ் நோயை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.